விஸ்வநாதன் மகன் வெங்கிடாசலம்

வெங்கிட்டு மாமாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவருடைய சந்தேகங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் பாஷையில் சம்சயம். கேஸ் சிலிண்டர் வந்தால் சீல் சரியாக இருக்கிறதா என்று சம்சயம். மின்சார பில் கட்டி ரசீது வாங்கிய பிறகு, கட்டியது இந்த மாதத்துக்கா போன மாதத்துக்கா என்று சம்சயம். முப்பத்தைந்து வருஷம் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் எடை எழுதும் வேலை பார்த்தார். எழுதி முடித்த மூட்டையை மறுபடி தராசில் ஏற்றச் சொல்வாராம். சுமை தூக்குகிறவர்கள் அவர் காதுபடவே திட்டுவார்களாம். அதற்கும் அவர், என்னைத்தான் திட்டினார்களா என்று பக்கத்து ஆளிடம் கேட்டிருப்பார்.

எனக்கு ஊர் தென்காசி. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாமா குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மிளகுக் கிடங்குக்குப் பக்கத்தில், போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஜெராக்ஸ் என்போம். இந்தத் தெருவில் யார் எந்த வருஷம் பிறந்தார்கள், யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, எந்த அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போகிறது. படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். கண் படித்துவிடும். வாயும் சும்மா இருக்காது. அதுதான் என் குறை, ஒத்துக்கொள்கிறேன்.

கட்டடம் ஒரு சேட்டு குடும்பத்தின் தர்ம டிரஸ்டுக்குச் சொந்தம். கீழே கடைகள், மேலே இரண்டு மாடிகளில் வீடுகள். மாமாவும் கனகாம்பாள் மாமியும் இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். கூடம், சமையலறை, படுக்கிற அறை, பின்னால் ஒரு சின்ன அறை. மாமா பிறந்ததே அந்த வீட்டில்தான். ஒரே மகன் விஸ்வநாத் மஸ்கட்டில் வேலையாக இருக்கிறான்.

அந்த வீடு சொந்தமும் இல்லை, வாடகையும் இல்லை. பாட்டத்துக்கு எடுத்தது. எழுபத்தைந்து வருஷத்துக்கு என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதுவரை உங்களை யாரும் எழுப்ப முடியாது, நீங்களும் விற்க முடியாது. கெடு முடியும்போது டிரஸ்ட் நீட்டிக் கொடுத்தால் உண்டு. இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கொல்லம் ஆண்டு 1126, மேடம் மாதம் ஒன்றாம் தேதி எழுதிய பாட்டம் அது. நம் கணக்குக்கு 1951 ஏப்ரல். ஆகவே இந்த வருஷம் விஷுவோடு முடிகிறது.

பிப்ரவரி கடைசியில் டிரஸ்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. நீட்டிக்க வேண்டியவர்கள் ஆதாரத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு மார்ச் முப்பத்தொன்றுக்குள் வர வேண்டும் என்று இருந்தது. ஆதாரம் என்றால் இங்கே பத்திரம். மாமா மஞ்சள் பையில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். பழுத்துப்போன பதினோரு பக்கம். மடிப்பில் கிழியாமல் ஒவ்வொன்றாக வைத்து நகல் எடுத்தேன். மலையாளம் எனக்கு இப்போது நன்றாகவே படிக்க வரும். கண் படித்துவிட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டிரஸ்ட் ஆபீஸில் கோவிந்த் என்று ஒரு மேனேஜர். திருப்பூணித்துறைக்காரர், நம் தமிழ் பேசுகிறவர், நாற்பது வயதிருக்கும். அவர் பத்திரத்தைப் பார்த்தார். பாட்டக்காரர் பெயர் வெங்கிடாசலம், தகப்பன் பெயர் விஸ்வநாதன். மாமாவின் அட்டையைப் பார்த்தார். வெங்கிடாசலம், தகப்பன் பெயர் விஸ்வநாதன். வீட்டு விலாசம் அதே. எல்லாம் பொருந்துகிறது மாமா, உங்களுக்கு ஒற்றைப் பக்க ஃபாரம்தான், நிரப்பி ஒப்பிட்டுக் கொண்டுவாருங்கள், இன்னும் முப்பது வருஷத்துக்கு நீட்டிவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கையெழுத்துக்கு இங்கே ஒப்பு என்பார்கள். மாமா வரும் வழியில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். அவர் கையால் நான் வாங்கித் தின்ற முதல் பழம்பொரி அதுதான்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருந்தார்.

“வசந்தி, நான் பொறந்தது எந்த வருஷம்?”

“ஐம்பத்தொம்பது. நேத்துதான உங்க அட்டையை நகல் எடுத்தேன்.”

“பாட்டம் எழுதினது?”

“ஐம்பத்தொண்ணு.”

“அப்போ அதுல ஒப்பிட்டிருக்கறது யாராக்கும்?”

நான் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றேன். அவர்கள் குடும்பத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும். அது மாறவே மாறாது. விஸ்வநாதனுக்கு மகன் வெங்கிடாசலம், அவருக்கு மகன் விஸ்வநாதன், அவருக்கு மகன் மறுபடியும் வெங்கிடாசலம். ஆகவே மாமாவின் தாத்தாவும் விஸ்வநாதன் மகன் வெங்கிடாசலம், மாமாவும் விஸ்வநாதன் மகன் வெங்கிடாசலம். பாட்டம் எடுத்தது தாத்தா. அவர் செத்து நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாரும் டிரஸ்டில் போய்ப் பெயர் மாற்றவில்லை. வருஷா வருஷம் ரசீது வெங்கிடாசலம் பெயரில் வந்தது. வீட்டில் ஒரு வெங்கிடாசலம் இருந்தார், வாங்கி வைத்தார். டிரஸ்டுக்குத் தெரிந்து இந்தக் கட்டடத்தில் ஒரே வெங்கிடாசலம்தான். நூறு வயதைத் தாண்டியும் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டு, பழம்பொரி தின்றுகொண்டு நன்றாக இருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா சிரிக்கவில்லை.

டிரஸ்டில் இன்னொரு ஃபாரமும் உண்டு. பாட்டக்காரர் இறந்துபோயிருந்தால் அவருடைய அவகாசிகள், அதாவது வாரிசுகள், நிரப்ப வேண்டியது. நாலு பக்கம். இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுகள் எல்லாருடைய பெயரும் வேண்டும், அத்தனை பேரும் ஆபீஸுக்கு வந்து ஒப்பிட வேண்டும். ஒருவர் ஒப்பிடாவிட்டாலும் நீட்டிப்பு கிடையாது. மாமா அதையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார். சும்மா பார்ப்பதற்கு என்று சொல்லி வாங்கினாராம்.

நான் படபடவென்று சொல்லிவிட்டேன். ஒற்றைப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள் மாமா, உங்கள் பெயரைத்தானே போடுகிறீர்கள், பொய்யா எழுதுகிறீர்கள், இத்தனை தலைமுறையாக ஒரே பெயரை வைத்துக் குழப்பியதற்கு இந்த லாபமாவது கிடைக்கட்டும் என்றேன். அவர் இரண்டு ஃபாரங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பக்க ஃபாரத்தில் வாரிசுகள் என்ற இடத்தில் மட்டும் விரலை வைத்துக்கொண்டு நின்றார். தாத்தாவுக்கு ஒரே பிள்ளை மாமாவின் அப்பா, அவரும் அம்மாவும் இப்போது இல்லை, ஆகவே அந்த இடத்தில் இரண்டு பெயர் வர வேண்டும். ஒன்று அவர் பெயர். இன்னொன்று அவர் தங்கை சுபாஷிணி.

சுபாஷிணியின் கதை கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். மாமாவுக்கு நாலு வயது இளையவள். பள்ளுருத்தியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். பிள்ளைகள் கிடையாது. புருஷன் இறந்த வருஷம், அது ஆயிற்று பதினோரு வருஷம், ஒரு பெட்டியோடு இங்கே வந்து பின்னால் இருக்கும் சின்ன அறையைக் கேட்டாள். பாட்டப் பத்திரத்தில் வேறு குடும்பம் தங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது, தங்கினால் டிரஸ்ட் எங்களையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடும் என்று மாமா சொன்னார். அவள் சாயா குடித்துவிட்டு அன்றைக்கே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் பார்த்தால் பேசுவதோடு சரி. நாங்களெல்லாம் மாமி வேண்டாம் என்றிருப்பாள், மாமா தலையாட்டியிருப்பார் என்றுதான் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன்.

ஆனால் அந்தப் பதினோரு பக்கத்தையும் நான் படித்திருந்தேனே. அப்படி ஒரு வரி அதில் எங்கேயும் இல்லை.

இதை மாமாவிடம் கேட்கலாமா வேண்டாமா என்று எனக்கே இரண்டு நாள் குழப்பமாக இருந்தது. இதற்கிடையில் அமாவாசை வந்தது. அமாவாசை தோறும் மாமா எள்ளும் தண்ணீரும் விட்டுத் தர்ப்பணம் செய்வார். அப்பா விஸ்வநாதன், தாத்தா வெங்கிடாசலம், கொள்ளுத்தாத்தா விஸ்வநாதன் என்று மூன்று பெயரையும் சொல்லிச் செய்ய வேண்டும். நாற்பது வருஷத்துச் சம்சயங்களில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சம்சயம் வந்ததில்லை. அன்றைக்கு பத்து மணிக்கு மாமி முகம் வெளுத்துப்போய்க் கடைக்கு இறங்கி வந்தாள்.

“தாத்தா பேர் சொல்லும்போது நிறுத்திப்பிட்டார் வசந்தி. கையில ஜலத்தை வெச்சுண்டு அப்படியே உக்காந்திருக்கார். ‘எனக்கே நான் விட்டுக்கறாப்பல இருக்கு கனகம்’ங்கறார். எனக்குப் பேடியா இருக்கு.”

பேடி என்றால் இங்கே பயம். மேலே போனேன். மாமா தர்ப்பையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கீழே வைத்த தட்டில் எள் அப்படியே இருந்தது. மாதா மாதம் தண்ணீர் விடுகிற மனிதரை அடுத்த வாரம் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கொடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்டார். என்னைப் போல வாய் உள்ளவளுக்குப் பதில் தெரியாமல் நிற்பது பெரிய கஷ்டம். அந்தக் கஷ்டத்தில்தான் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

“மாமா, வேற குடும்பம் தங்கக் கூடாதுன்னு பத்திரத்துல எங்க எழுதியிருக்கு?”

மாமிதான் பேசினாள். சுபாவுக்கு அறை கொடுக்க வேண்டாம் என்று தான் சொல்லவே இல்லை என்றாள். ஊரெல்லாம் தன்னைத்தான் நினைத்தது என்று தெரியும், யாரிடம் போய்ச் சொல்ல முடியும் என்றாள். அன்றைக்கு மாமி தலையணை உறை கூட மாற்றி வைத்திருந்தாளாம். மாமாவுக்குத்தான் பயம். இன்னொரு ஆள் வந்து தங்கினால் டிரஸ்டில் யாராவது கேட்பார்களோ, கேட்டால் பத்திரத்தைத் தோண்டுவார்களோ, தோண்டினால் வீடே போய்விடுமோ என்று யோசித்துக்கொண்டே இருந்தாராம். அப்படி எழுதியிருக்குமோ என்று மாமியிடம் சொன்னது, தங்கையிடம் சொல்லும்போது எழுதியிருக்கிறது என்று ஆகிவிட்டது. கட்டிய பில்லை மூன்று தடவை படித்துப் பார்க்கிற மனிதர், அன்றைக்கு மட்டும் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, மாமியைப் பற்றிப் பதினோரு வருஷம் தப்பாகப் பேசிய என் மேல் பாதி.

அன்றைக்கே மாமா ஒரு முடிவுக்கு வந்தார். நாலு பக்க ஃபாரம்தான். மாமி ஒரே ஒரு தடவை கேட்டாள்: சுபா ஒப்பிட மாட்டேன் என்றால் இந்த வயதில் நாம் எங்கே போவது? அவள் அப்படிச் சொன்னால் வீடு போகும், வேறு வழி கிடையாது. ஒற்றைப் பக்கத்தில் ஒப்பிட்டால் வீடு நிற்கும், யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. தெரிந்தும் நாலு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

எடுத்த எடுப்பிலேயே முதல் சிக்கல். தாத்தா இறந்த தேதி தெரியாது. திதி தெரியும். பங்குனி மாதம், தேய்பிறைப் பஞ்சமி. அப்பா இருக்கும் வரை வருஷம் தவறாமல் அந்தத் திதியில் திவசம் செய்திருக்கிறார். எந்த வருஷத்துப் பஞ்சமி என்று கேட்டால் மாமா விழிக்கிறார். எழுபத்தேழிலிருந்து எண்பத்தொன்று வரை மாமா பம்பாயில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாராம். தந்தி வந்தது ஞாபகம் இருக்கிறது, வந்த வருஷம் ஞாபகம் இல்லை. கார்ப்பரேஷன் ஆபீஸில் திதியைச் சொல்லிச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். கவுண்டரில் இருந்த பெண், பஞ்சமி என்று எங்களிடம் ரிஜிஸ்டர் கிடையாது அங்கிள், இங்கிலீஷ் தேதி கொண்டுவாருங்கள் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினாளாம். நாலைந்து வருஷத்து ரிஜிஸ்டரைத் தேடச் சொல்லி விண்ணப்பித்தால் கெடு தாண்டிவிடும்.

“சுபா அப்போ ஆத்துலதான் இருந்தா. அவளுக்கு ஓர்மை இருக்கும்” என்றாள் மாமி.

ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடச் சொன்னார். பஸ் இருக்கிறதே என்று நான் கேட்கவில்லை. தனியாகப் போகப் பயம் என்று தெரிந்தது. வழியெல்லாம் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். முதலில் தேதியைக் கேட்கவா, முதலில் மன்னிப்பைக் கேட்கவா? தேதியை முதலில் கேட்டால் காரியத்துக்கு வந்தேன் என்று நினைப்பாளோ? மன்னிப்பை முதலில் கேட்டால் காரியத்துக்காகத்தான் கேட்கிறேன் என்று நினைப்பாளோ? தோப்பும்படி பாலத்தருகே சிக்னலில் நின்றபோது, பேசாமல் திரும்பிவிடலாமா என்றார். நான் ஹார்ன் அடித்தேன். யாரைப் பார்த்து அடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

சுபாஷிணி இருந்தது ஒரு ஆட்டோ ஒர்க்ஷாப்புக்கு மேலே, ஒற்றை அறையில். கட்டிலும் அடுப்பும் ஒரே அறைக்குள். துணிக்கொடி குறுக்கே போனது. அண்ணனைப் பார்த்ததும் அவள் பதறவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. வா அண்ணா என்று சொல்லி, கட்டிலில் கிடந்த துணிகளை மடித்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு, சாயா போட்டாள். மாமா கீழே பார்த்தார், மேலே பார்த்தார், மன்னியும் வந்திருப்பாள் ஆனால் முழங்கால் வலி என்று ஏதோ சொன்னார். கடைசியில் தேதிதான் முதலில் வந்தது.

“தாத்தா போன தேதி ஓர்மை உண்டோ சுபா?”

“எழுபத்தொம்பது மார்ச் பதினெட்டு. ஞாயித்துக்கிழமை. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை.”

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை அது. வீட்டில் பத்து நாள் தீட்டு, அப்பா வெளியே போகக் கூடாது என்றுவிட்டார். செப்டம்பரில் எழுதி ஜெயித்தாள். அதற்குள் காலேஜில் சேருகிற நாள் போய்விட்டது. அடுத்த வருஷம் சேர்க்கலாம் என்று அப்பா சொன்னார், அடுத்த வருஷம் வரன் வந்துவிட்டது. இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. தேதி எப்படி ஞாபகம் இருக்கிறது என்பதற்காகச் சொன்னாள்.

மாமா சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார். சொல்லிச் சரிபார்த்தார். மறுபடி ஒரு தடவை சரிபார்த்தார். பிறகு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சாயா ரொம்ப நன்றாக இருந்தது, வரட்டுமா என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஃபாரம் என் பையில்தான் இருந்தது. எடுத்து சுபாஷிணி கையில் கொடுத்தேன்.

“இதையும் ஒரு தடவை பாத்துருங்கக்கா.”

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள். நாலு பக்கமும் படித்தாள். மருந்துக் கடையில் சீட்டுப் படித்துப் பழகிய கண். மாமா உட்காராமலும் போகாமலும் வாசலில் நின்றார்.

“அவகாசிகள்னு என் பேர் எழுதியிருக்கே. எதுக்கு?”

மாமா சொல்லத் தொடங்கினார். தாத்தா பெயரும் தன் பெயரும் ஒன்றாகிப்போனது, கோவிந்த் கொடுத்த ஒற்றைப் பக்க ஃபாரம், அமாவாசை எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. நான் இரண்டு இடத்தில் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்போ அந்தப் பாட்டத்துல எனக்கும் பாதி உண்டா?”

“உண்டு.”

“அன்னிக்கு நான் வந்து கேட்டேனே. அப்போவும் உண்டா?”

“அப்போவும் உண்டு.”

“வேற குடும்பம் தங்கக் கூடாதுன்னு எழுதியிருக்குன்னு சொன்னியே அண்ணா.”

“எழுதலை. நான் பாக்கவே இல்லை சுபா. பாக்காம சொன்னேன்.”

கீழே ஒர்க்ஷாப்பில் யாரோ ஒரு ஆட்டோவை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். அது நிற்கும் வரை அவள் ஃபாரத்தின் முதல் பக்கத்தை மறுபடி படித்தாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தது சரியா தப்பா என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியவில்லை. இவள் இப்போது அதைக் கிழித்துப் போட்டால் மாமியின் வீடு என் கையாலேயே போனது போல ஆகும்.

“தாத்தாவாவே ஒப்பிட்டிருக்கலாமே” என்றாள். “யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கும் தெரிஞ்சிருக்காது.”

“தாத்தாவா ஒப்பிட்டா நீ எனக்கு யாருன்னு சம்சயம் வந்துடுத்து” என்றார் மாமா. வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சாயா கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பின் ரூம்ல இப்போ யாரு இருக்கா?”

“யாரும் இல்லை.”

“இந்தப் பதினோரு வருஷமும்?”

“யாரும் இல்லை சுபா.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃபாரத்தை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள். ஒப்பிடவில்லை. என்றைக்கு ஆபீஸ் போகிறாய் என்று சொல்லு, நான் லீவு எடுக்கணும் என்று மட்டும் சொன்னாள். வருவாள் என்று எடுத்துக்கொள்வதா, யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்வதா? திரும்பும் வழியில் நானும் மாமாவும் இதையே பேசிக்கொண்டு வந்தோம். வீட்டில் மாமியும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னோம்.

தேதியைக் கொடுத்ததும் கார்ப்பரேஷனில் ஐந்தாம் நாள் சான்றிதழ் கிடைத்தது. 1979 மார்ச் 18, வெங்கிடாசலம், தகப்பன் பெயர் விஸ்வநாதன். அதில் தன் பெயரைப் பார்த்து மாமாவுக்கு வேர்த்துவிட்டது. நகல் எடுக்க என்னிடம் கொடுத்தார். ஆள் எதிரே நிற்கிறார், அவர் பெயரில் இறப்புச் சான்றிதழ் மெஷினுக்குள் போகிறது.

மார்ச் முப்பது, திங்கட்கிழமை. கெடுவுக்கு முந்தின நாள். நாளைச் சொல்லி அனுப்பியதற்கு சுபாஷிணி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நாங்கள் பத்தரைக்கே டிரஸ்ட் ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டோம். பதினொன்று ஆயிற்று, பதினொன்றரையும் ஆயிற்று. மாமி பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாமா எழுந்து எழுந்து தெருவைப் பார்த்தார். போன் செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வராவிட்டால் அது அவளுக்கு உள்ள நியாயம் என்றார். அவர் அவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை. பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது குடையை மடக்கிக்கொண்டே சுபாஷிணி வந்தாள். பஸ் கிடைக்கவில்லை என்றாள்.

கோவிந்துக்கு விஷயத்தைப் புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனது. அப்போ அன்னிக்கு என்கிட்ட பழைய ஆதாரத்தைக் காட்டினது யாரு மாமா என்று இரண்டு தடவை கேட்டார். தன் ரிஜிஸ்டரைப் பிரித்தார், சான்றிதழைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டு ஃபாரத்தை வாங்கி, மாமா எழுதியிருந்த பெயர்களுக்கு எதிரே மற்றதை வரிசையாக நிரப்பத் தொடங்கினார். முதல் வாரிசு, வயது, விலாசம். இரண்டாவது வாரிசு, வயது.

“இவா தாமசம் எங்கே?” என்று கேட்டார்.

சுபாஷிணி வாயைத் திறக்கும் முன் மாமா சொன்னார். “இதே விலாசம்தான். ரெண்டாம் மாடி.”

கோவிந்த் எழுதப் போனார். சுபாஷிணி கையை நீட்டி ஃபாரத்தின் மேல் வைத்தாள்.

“இப்போ பள்ளுருத்தின்னே எழுதுங்கோ ஸார். வரணும்னு எனக்குத் தோணினா வந்துக்கறேன். இனிமே யார்கிட்டயும் கேக்க வேண்டாமே.”

பேனாவை வாங்கித் தன் பெயருக்கு நேரே ஒப்பிட்டாள். மாமியின் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள், மத்தியானம் கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மாமா தன் ஒப்பைப் போட வேண்டிய இடம் எது என்று கோவிந்தைக் கேட்டுக் கேட்டுப் போட்டார்.

விஷு கழிந்தது. பாட்டம் முப்பது வருஷத்துக்கு நீண்டது, இரண்டு பேர் பெயரிலும். புதுப் பத்திரத்துக்கு மூன்று நகல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை மாமா தானே பஸ் ஏறிப் போய் பள்ளுருத்தியில் கொடுத்துவிட்டு வந்தார். பின்னால் இருந்த அறையை மாமி ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டு, கட்டிலைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். அதில் யாரும் இல்லை. சுபாஷிணி வருவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியுமோ என்னவோ. மாமா இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறார்.